பதவிக்கு முன் தகுதி: டாக்டர் ஜாகிர் ஹுசைன் வாழ்வு தரும் பாடம்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஆண்டுதோறும் இம்மலர் வரவு செலவுக் கணக்கையும் தாங்கி உங்கள் கரங்களுக்கு வருகிறது. சந்தா எவ்வளவு வந்தது, நோன்புக் கஞ்சிக்கு எவ்வளவு செலவாயிற்று, கபரஸ்தான் சுற்றுச்சுவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் பைசா சுத்தமாக இதில் அச்சிடப்படுகின்றன. இதைப் படித்துவிட்டு மடித்து வைக்கும் நாம், ஊரில் தேர்தல் என்று வந்துவிட்டால் மட்டும் கணக்குப் பார்க்கும் வழக்கத்தை மறந்துவிடுகிறோம். "நிற்பவர் நம்மவரா?" என்று கேட்கிறோம், "எந்தத் தெருக்காரர்?" என்று கேட்கிறோம், "ஜெயித்து வருவாரா?" என்றும் கேட்கிறோம். "இவர் இதற்கு முன் எந்த அமானத்தைச் சுமந்தார்? அதை எப்படித் திருப்பி ஒப்படைத்தார்?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்விக்குப் பதிலாக அமைந்த ஒரு வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியர், பொதுப்பணியில் தேய்ந்து தேய்ந்து, இறுதியில் இந்திய நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாறு அது. அவர் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள். இளையான்குடியில் 1970 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருப்பதால், பெயர் நமக்குப் பழக்கமானது. வாழ்வுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

சட்டம் கேட்பதும் மார்க்கம் கேட்பதும்

நம் அரசியல் சாசனம் குடியரசுத் தலைவர் பதவிக்கு வைத்துள்ள நிபந்தனைகள் மிகச் சில. 58 ஆவது பிரிவின்படி அவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி பெற்றிருக்க வேண்டும். அரசிடம் ஆதாயம் தரும் பதவி எதையும் வகிக்கக் கூடாது. சட்டமன்றத்திற்கோ 25 வயதும், நம் ஊராட்சி மன்றத்திற்கு 21 வயதும் போதும். கல்விச் சான்று கேட்பதில்லை. நற்பணிச் சான்றும் கேட்பதில்லை. சட்டம் வாசலைத் திறந்து வைக்கிறது. உள்ளே வருபவர் யார் என்று பார்க்கும் பொறுப்பை வாக்களிப்பவரிடம் விட்டுவிடுகிறது.

மார்க்கமோ இன்னும் ஆழமாகப் பார்க்கிறது. தலைமைப் பொறுப்பைக் கேட்டுப் பெறாதீர்கள் என்றும், கேட்டுப் பெற்றவர் அதனிடமே ஒப்படைக்கப்பட்டு விடுவார் என்றும், கேளாமல் கிடைத்தவருக்கு இறையுதவி உண்டு என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி நாம் அறிந்ததே. அப்படியானால் யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு மன்னரிடம் கேட்டார்களே என்ற ஐயம் எழலாம். அவ்வரலாற்றை ஊன்றிக் கவனியுங்கள். மன்னர் அழைத்தவுடன் அவர்கள் சிறையிலிருந்து ஓடி வந்துவிடவில்லை. தம் மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட்டு, தாம் தூயவர் என்பது நிலைநாட்டப்பட்ட பிறகே வெளியே வந்தார்கள். பொறுப்பைக் கேட்டபோதும் தம் குலத்தையோ அழகையோ முன்னிறுத்தவில்லை. இரண்டு தகுதிகளை மட்டுமே கூறினார்கள். ஒன்று, ஒப்படைத்ததைப் பாதுகாக்கும் நேர்மை; மற்றொன்று, அப்பணியைப் பற்றிய அறிவு. ஆசைக்காகப் பதவியைத் தேடுவது விலக்கப்பட்டது. பஞ்சம் வரும் வேளையில் ஆற்றல் உள்ளவர் ஒதுங்கி நிற்பதும் சரியன்று என்று உலமாக்கள் இதற்கு விளக்கம் தருவர்.

நேர்மை, அறிவு என்னும் இவ்விரண்டு தராசுத் தட்டுகளில் வைத்தே ஜாகிர் ஹுசைன் அவர்களின் வாழ்வை நாம் நிறுத்துப் பார்ப்போம்.

அநாதையாக வளர்ந்தவர்

1897 பிப்ரவரி 8 ஆம் நாள் ஹைதராபாத்தில் அவர் பிறந்தார். பூர்வீகம் ஐக்கிய மாகாணத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயிம்கஞ்ச். தந்தையார் ஃபிதா ஹுசைன் கான் வழக்கறிஞர். பத்து வயதில் தந்தையை இழந்தார். இட்டாவா இஸ்லாமியா பள்ளியில் பயின்று கொண்டிருந்த காலத்தில், 1911 இல், பிளேக் நோய் அன்னையாரையும் கொண்டுபோய்விட்டது. பின்னர் அலிகரில் சர் சையத் அஹ்மத் கான் நிறுவிய கல்லூரியில் சேர்ந்தார். கூர்மையான அறிவும் பேச்சுத் திறனும் கொண்ட மாணவர் என்று பெயரெடுத்தார். அக்கல்லூரியில் படித்தவருக்கு அரசுப் பணி எட்டும் தூரத்தில் இருந்தது. அவரும் அவ்வழியே சென்றிருந்தால் ஓர் உயர் அதிகாரியாக ஓய்வு பெற்றிருப்பார். இன்று அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திராது.

ஜாமிஆவின் தோற்றம்

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலீ சகோதரர்களும் அலிகருக்கு வந்தனர். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் ஒன்றிணைந்து நாடெங்கும் அலைமோதிய காலம் அது. ஆங்கில அரசின் மானியத்தில் நடக்கும் கல்விக்கூடங்களைத் துறந்து வெளியேறுங்கள் என்று அவர்கள் மாணவர்களை அழைத்தனர். அப்போது ஜாகிர் ஹுசைன் முதுகலை மாணவர். சிறிது பாடமும் நடத்தி வந்தார். வெளியேறுவது எளிது, வெளியேறிய பிள்ளைகள் எங்கே படிப்பது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. ஹகீம் அஜ்மல் கான் முதலிய தலைவர்களை அணுகி, தேசியக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினால் மாணவர்களும் ஆசிரியர்களும் வருவார்கள் என்று எடுத்துரைத்தார். உடைப்பதற்கு அழைப்பு வந்த நேரத்தில் கட்டுவதைப் பற்றி யோசித்தவர் அவர்.

1920 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கி வைத்தவர், மால்டா தீவுச் சிறையிலிருந்து அவ்வாண்டுதான் விடுதலையாகி வந்திருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள். நோயின் கடுமையால் அவர்களால் உரையை வாசிக்க இயலவில்லை; அவர்களின் மாணவர் மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானீ (ரஹ்) அதை வாசித்தார்கள். ஒரே மாத காலத்தில் ஷைகுல் ஹிந்த் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். மத்ரஸாவில் ஓதியவர்களும் ஆங்கிலக் கல்லூரியில் படித்தவர்களும் தனித்தனியே நின்ற அக்காலத்தில், தேவ்பந்தின் பேரறிஞர் அலிகர் மாணவர்களின் அழைப்பை ஏற்று நோயோடு வந்து துஆச் செய்தார்கள் என்பதை இங்கே கோடிட்டுக் காட்ட விரும்புகிறேன்.

மூடுவதா, தொடர்வதா?

உணர்ச்சி வேகத்தில் எழுந்த பல நிறுவனங்களுக்கு நேர்ந்த கதி ஜாமிஆவுக்கும் நேர இருந்தது. 1922 இல் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. 1924 இல் துருக்கியில் கிலாஃபத்தே ஒழிக்கப்பட்டது. கிலாஃபத் கமிட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் வற்றியது. ஜாமிஆவை மூடிவிடலாமா என்று பெரியவர்கள் கூடி ஆலோசிக்கும் நிலை வந்தது.

அவ்வேளையில் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனியில் இருந்தார். 1922 முதல் பெர்லினில் பொருளாதாரம் பயின்று வந்தார். செய்தி எட்டியதும், தம்முடன் அங்கே பயின்ற முஹம்மத் முஜீப், ஆபித் ஹுசைன் ஆகிய இரு நண்பர்களுடன் கலந்து, தாங்கள் மூவரும் தங்கள் வாழ்வை ஜாமிஆவுக்கே கொடுக்க ஆயத்தமாக இருப்பதாகவும், தாங்கள் வரும்வரை அதை மூடிவிட வேண்டாம் என்றும் தெரிவித்தார். இங்கே ஹகீம் அஜ்மல் கான் தம் கைப்பொருளை இறைத்தார். பணம்தான் தடையென்றால் பிச்சைப் பாத்திரம் ஏந்தவும் தாம் ஆயத்தம் என்று காந்தியடிகள் தைரியம் கூறினார். 1925 இல் ஜாமிஆ அலிகரிலிருந்து டெல்லி கரோல்பாக்குக்கு இடம்பெயர்ந்தது.

1926 இல் மூவரும் நாடு திரும்பினர். பெர்லின் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு அக்காலத்தில் எத்தனை கதவுகள் திறந்திருக்கும்! அவர் நுழைந்ததோ, வாடகைக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த, அரசு அங்கீகாரமில்லாத, கடனில் மூழ்கிய ஒரு கல்விக்கூடத்தில். தம் 29 ஆவது வயதில் ஷைகுல் ஜாமிஆ, அதாவது துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். 1927 இறுதியில் ஹகீம் அஜ்மல் கானும் காலமானார். தாங்கிநின்ற தூணே சாய்ந்தது.

இருபது ஆண்டு வாக்குறுதி

1928 இல் நடந்ததுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி என்று கருதுகிறேன். ஜாமிஆவின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரு கல்விச் சங்கத்தை அமைத்துக் கொண்டனர். அதன் ஆயுள் உறுப்பினராகச் சேர்பவர் இருபது ஆண்டுகள் ஜாமிஆவுக்கு உழைப்பதாகவும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் கோருவதில்லை என்றும் வாக்குறுதி அளிக்க வேண்டும். ஜாகிர் ஹுசைன் அதில் முதன்மையானவர். அந்த 150 ரூபாயையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை; தமக்கென அதைவிட மிகக் குறைந்த தொகையையே வகுத்துக்கொண்டார். அதுவும் மாதந்தோறும் முழுமையாகக் கிடைத்ததில்லை. கடைநிலை ஊழியருக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சினால்தான் துணைவேந்தருக்கு.

வருவாய்க்கு அவர்கள் கண்ட வழியும் நாம் அறிய வேண்டியது. ஒன்றிரண்டு செல்வந்தரை மட்டும் நம்பியிருந்தால் அவர் மறைந்ததும் நிறுவனமும் மறையும் என்பதை அனுபவம் கற்பித்திருந்தது. எனவே ஜாமிஆவின் அனுதாபிகள் என்ற பெயரில் நாடெங்கும் சாதாரண மக்களைச் சேர்த்து, சிறுசிறு தொகையாகச் சந்தா திரட்டினர். கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வந்தது. வாங்கியவனுக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு வந்தது. நம் ஜமாஅத்தின் சந்தாப் புத்தகமும் இதே அடிப்படையில் அமைந்ததுதானே!

1935 மார்ச் முதல் நாள், டெல்லிக்குப் புறத்தே ஓக்லாவில் ஜாமிஆவின் சொந்தக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய தலைவர்கள் பலர் இருக்க, அக்கல்லை நாட்டியது பள்ளியின் மிக இளைய மாணவன் ஒருவன். இந்நிறுவனம் யாருக்குரியது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அவருடன் பணியாற்றியவர்கள் எழுதிவைத்த இரு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன். மாணவர்கள் அழுக்குக் காலணியுடன் வரக்கூடாதென்று பலமுறை சொல்லியும் பயனில்லாத நிலையில், ஒருநாள் பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷுமாக வாசலில் துணைவேந்தரே அமர்ந்துவிட்டார். வெட்கிய பிள்ளைகள் மறுநாள் முதல் தாமே துடைத்துக்கொண்டு வந்தனர்.

மற்றொன்று கண்ணீரை வரவழைப்பது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் இனிப்பு வழங்கிக் கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து ஓடிவந்தவர் காதோடு ஒரு செய்தி சொன்னார். அவருடைய சின்னஞ்சிறு மகள் ரைஹானா மரணித்துவிட்டாள். அவர் முகம் வெளிறியது. ஆனால் கை நிற்கவில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சி கலையக் கூடாதென்று வழங்கி முடித்துவிட்டே வீட்டிற்குச் சென்றார். பின்னாளில் தாம் எழுதிய சிறுவர் கதைகளை அந்த மகளின் பெயர் விளங்கும் புனைபெயரிலேயே வெளியிட்டார்.

ஏற்றவரிடமும் மறுத்துப் பேசியவர்

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கல்வி மாநாடு கூட்டினார். கைத்தொழிலை நடுவில் வைத்து, தாய்மொழியில், ஏழாண்டுக் கட்டாயக் கல்வி அளிப்பது என்பது திட்டம். பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாயிலேயே பள்ளி நடந்துவிடலாம் என்பது காந்தியடிகளின் எண்ணம். அவ்வளவு பெரியவரின் எதிரில் ஜாகிர் ஹுசைன் எழுந்து, வருவாயை இலக்காக்கினால் ஆசிரியர் அடிமைகளை வேலை வாங்கும் கங்காணியாகி ஏழைப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டிவிடக் கூடும் என்று எச்சரித்தார். மறுத்துப் பேசிய அவரையே பாடத்திட்டக் குழுவின் தலைவராக நியமித்தார் காந்தியடிகள். டிசம்பர் மாதமே அறிக்கை அளிக்கப்பட்டது.

அத்திட்டம் முஸ்லிம்களிடையே கடும் விமர்சனத்திற்கு உள்ளானது. மார்க்கக் கல்விக்கு அதில் இடமில்லை என்பது முக்கியக் குறை. அக்குறை காரணமற்றது என்று கூற மாட்டேன். ஆனால் தம் சமுதாயத்தின் கோபத்திற்கு ஆளாகியும் அவர் ஏற்ற பணியைப் பாதியில் விட்டு ஓடவில்லை, விமர்சித்தவர்களை ஏசவுமில்லை.

ஒரே மேடையில் இரு தரப்பார்

1946 ஆம் ஆண்டு. இடைக்கால அரசு அமைப்பது பற்றிய பேச்சுகளில் காங்கிரஸ் தரப்பு ஜாகிர் ஹுசைன் பெயரை முன்மொழிந்தது. முஸ்லிம் லீக் அல்லாத ஒரு முஸ்லிமை ஏற்க இயலாதென்று ஜின்னா சாஹிப் கடுமையாக மறுத்தார். நம் ஊர்ப் பெரியவர்களில் பலரும் அக்காலத்தில் லீக்கில் இருந்தவர்களே. ஆகவே யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புக் கூறுவது இங்கே என் நோக்கமன்று. அந்த அவமதிப்புக்குப் பின் அம்மனிதர் என்ன செய்தார் என்பதைத்தான் காட்ட விரும்புகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளிவிழா வந்தது. நாடெங்கும் வகுப்புக் கலவரம். டெல்லித் தெருக்களிலும் கத்திக்குத்து. இந்நிலையில் அவர் இரு தரப்புத் தலைவர்களுக்கும் அழைப்பு விடுத்தார். இருசாராரும் வந்தனர். நேருவும் மௌலானா ஆஸாதும் ஒருபுறம். ஜின்னாவும் லியாகத் அலீ கானும் மறுபுறம். வேறெந்த மேடையிலும் அவர்களைச் சேர்த்துக் காண்பதே அரிதாகிவிட்ட நேரம். தம்மை நிராகரித்தவரையும் வைத்துக்கொண்டு ஜாகிர் ஹுசைன் எழுந்து பேசினார். தம் பதவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாட்டில் பகை நெருப்பு எரிகிறது, அதை மூட்டியவர் யார் என்று ஆராய நேரமில்லை, முதலில் அணையுங்கள், இந்த நெருப்பில் நாங்கள் பிள்ளைகளை எப்படி வளர்ப்போம் என்று இரு தரப்பாரையும் நோக்கி மன்றாடினார்.

அவர் மன்றாட்டு நாட்டின் பிளவைத் தடுக்கவில்லை. 1947 இல் காஷ்மீருக்குப் புறப்பட்ட அவரே ஜலந்தர் ரயில் நிலையத்தில் கொலைக் கும்பலிடம் சிக்கினார். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் அவரைக் காப்பாற்றினர். கரோல்பாக்கில் இருந்த ஜாமிஆவின் புத்தக நிலையம் எரிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அவர் உள்ளத்தில் கசப்பு தங்கவில்லை. தம்மைக் கொல்ல வந்தவர் யார் என்பதைவிடக் காக்க வந்தவர் யார் என்பதே அவருக்கு நினைவிருந்தது.

அலிகரிலிருந்து பாட்னா வரை

பிரிவினைக்குப் பின் அலிகர் பல்கலைக்கழகம் சந்தேகக் கண்களுக்கிடையே தத்தளித்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டனர். 1948 நவம்பரில் அதன் துணைவேந்தராகப் பொறுப்பேற்று, 1956 வரை அதைக் காத்து நிறுத்தினார். மாணவராக இருந்தபோது எதை விட்டு வெளியேறினாரோ அதையே காக்கும் பணி அவருக்கு வாய்த்தது அல்லாஹ்வின் ஏற்பாடு. 1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1957 முதல் 1962 வரை பீகார் ஆளுநர். 1962 இல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் 568 வாக்குகள் பெற்று வென்றார். எதிர்த்தவர் பெற்றவை 14. மறு ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

1967 தேர்தல்

குடியரசுத் தலைவர் தேர்தல் மட்டும் அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1967 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில் காங்கிரஸ் பல மாநிலங்களை இழந்தது. நம் தமிழகத்திலும் ஆட்சி மாறியது. பெருந்தலைவர் காமராஜரே விருதுநகரில் தோற்றார். அப்போதும் அவர்தாம் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களே மீண்டும் குடியரசுத் தலைவராகத் தொடரலாம் என்பது காமராஜரின் விருப்பமாக இருந்தது. பிரதமர் இந்திரா காந்தி ஜாகிர் ஹுசைன் பெயரை வலியுறுத்தினார். ஒரு முஸ்லிமை நிறுத்தினால் கட்சிக்காரர்களே மாற்றி வாக்களித்துவிடுவார்களோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர்.

எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து நிறுத்தியவரும் சாதாரணமானவர் அல்லர். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ், ஏப்ரல் மாதம் தம் பதவியைத் துறந்து போட்டியிட்டார். களத்தில் மொத்தம் 17 வேட்பாளர்கள். நாடாளுமன்றத்திற்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இதில் வாக்காளர்கள். ஒவ்வொருவர் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மே 6 ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. ஜாகிர் ஹுசைன் பெற்ற வாக்கு மதிப்பு 4,71,244. சுப்பாராவ் பெற்றது 3,63,971. வேறுபாடு ஒரு இலட்சத்துக்கும் மேல். மே 13 அன்று நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவராக அவர் பதவியேற்றார்.

பதவியேற்ற வேளையில் அவர் ஆற்றிய உரையின் கருத்தை ஜமாஅத்தார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இவ்வுயர் பதவிக்குத் தம்மைத் தேர்ந்தெடுத்தமைக்கு, தம் மக்களின் கல்வியோடு தமக்கிருந்த நீண்டகாலத் தொடர்பே காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் கூறினார். பாரதம் முழுவதும் தம் வீடு, அதன் மக்கள் அனைவரும் தம் குடும்பத்தார் என்றார். பெர்லின் பட்டத்தைச் சொல்லவில்லை. ஆளுநர் பதவியைச் சொல்லவில்லை. தாம் ஓர் ஆசிரியர் என்பதையே தம் தகுதியாகச் சொன்னார்.

ஈராண்டுகளே அப்பதவியில் இருந்தார். 1969 மே 3 ஆம் நாள், குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அடக்கம் செய்யப்பட்டது, தம் இளமையைக் கொடுத்து வளர்த்த ஜாமிஆவின் வளாகத்தில். அந்த ஜாமிஆ 1988 இல் மத்தியப் பல்கலைக்கழகமானது; 2020 இல் நூறாண்டு கண்டது.

ஒரு நியாயமான கேள்வி

"அவர் பதவிக்கு வந்ததால் சமுதாயத்திற்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பவர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இக்கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. உர்தூ மொழிக்கு உத்தரப் பிரதேசத்தில் உரிய இடம் வேண்டி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி 1954 இல் அன்றைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் அளித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜாகிர் ஹுசைன். பின்னர் அதே நாற்காலியில் அவரே அமர்ந்தபோதும் அக்கோரிக்கை நிறைவேறவில்லை. அம்மாநிலத்தில் உர்தூ இரண்டாவது ஆட்சி மொழியானது 1989 இல்தான். குடியரசுத் தலைவர் பதவிக்கு மரியாதை அதிகம், தாமாகச் செய்யும் அதிகாரம் குறைவு. ஆகவே பதவியால் அவர் செய்தது குறைவு என்பது உண்மையே.

ஆனால் சகோதரர்களே, பதவி இல்லாத இருபத்திரண்டு ஆண்டுகளில் ஜாமிஆவில் அவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். சமுதாயத்திற்குக் கிடைத்தது அங்கேதான். நம்மில் பலர் பதவி கிடைத்தால் பணி செய்வோம் என்கிறோம். அவர் வாழ்வு சொல்வது அதன் மறுபக்கத்தை. பணி செய்தவருக்குப் பதவி ஒரு சேர்க்கை. செய்யாதவருக்கு அது வெறும் நாற்காலி. 2002 இல் குடியரசுத் தலைவரான நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களும் இவ்வழியில் வந்தவரே. 2015 இல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் உரையாற்றிக் கொண்டிருந்தபோதே அவர் சாய்ந்தார் என்பதை நாம் மறக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

நம் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ, ஏன், நம் ஜமாஅத் நிர்வாகத்திற்கோ ஒருவர் முன்வரும்போது, அவரிடம் நாம் கேட்க வேண்டியவற்றை இவ்வரலாறே கற்றுத்தருகிறது.

முதலாவது, ஒப்படைத்ததைக் காத்தாரா? ரமலானில் கஞ்சி அரிசி வாங்கிய கணக்கை ஒழுங்காகக் கொடுத்தவரிடம் தெருவிளக்குக் கணக்கையும் நம்பிக் கொடுக்கலாம். சிறிய அமானத்தில் தவறியவர் பெரிய அமானத்தில் திருந்திவிடுவார் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இரண்டாவது, ஏற்கவிருக்கும் பணியை அறிந்தவரா? நல்லவராக இருப்பது மட்டும் போதாது. குடிநீர்க் குழாய்க்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது, ஊராட்சியின் வரவு செலவை எப்படிப் படிப்பது என்று தெரியாத நல்லவர், பிறர் நீட்டிய இடத்தில் கையொப்பமிடுபவராக மாறிவிடுவார்.

மூன்றாவது, கருத்து வேறுபட்டவரையும் ஒரே பாயில் அமர்த்தக் கூடியவரா? தம்மை மறுத்தவரையும் தம் விழாவுக்கு அழைத்த நெஞ்சம் அவருக்கு இருக்கிறதா? ஊரைப் பிளந்து வெல்பவர், வென்ற பின்னும் பிளந்துகொண்டே இருப்பார்.

நான்காவது கேள்வி நமக்கு நாமே கேட்டுக்கொள்வது. தகுதியுள்ளவர் ஒதுங்கி நிற்கையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்தோமா? கேட்டு வருபவரை மட்டுமே பட்டியலில் வைத்துவிட்டு, நல்லவர் யாரும் வரவில்லை என்று குறைபட்டுக் கொள்வதில் என்ன நியாயம்? வாக்கு என்பது ஒருவகைச் சாட்சியம். தகுதியை அறிந்திருந்தும் வேறு காரணத்திற்காக மாற்றிச் சாட்சி சொன்னவர் அதற்கும் நாளை பதில் சொல்லியாக வேண்டும்.

நம் மக்தப் மத்ரஸாவில் இன்று அலிஃப், பா ஓதும் பிள்ளைகளில் எவன் நாளை எந்தப் பொறுப்பைச் சுமப்பான் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். காயிம்கஞ்ச் குடும்பத்தின் அநாதைச் சிறுவனை ஒரு பள்ளிக்கூடமும், நல்ல ஆசிரியர்களும், அவன் மீது நம்பிக்கை வைத்த பெரியவர்களும் உருவாக்கினார்கள். அந்த மூன்றையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இந்த ஜமாஅத்தால் இயலாத காரியமன்று, இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் மர்ஹூம் ஜாகிர் ஹுசைன் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று அருள்வானாக! பொறுப்பு வந்தால் அமானத்தைக் காக்கும் நேர்மையையும், அதைச் சுமக்கும் அறிவையும், தகுதியானவரை இனங்கண்டு முன்னிறுத்தும் மனத்தையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.